சனியை ஆட்டிய லிஃப்ட்

ஒய்.பி. குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்த நேரம் பார்த்து என் கைப்பேசி அதிர்ந்தது.

மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்த மாலை. பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் புதுப் பெயிண்ட் வாசனையும், விருந்து மேசையிலிருந்து கறிபாப் வாசனையும் கலந்து வந்தன. எங்கள் வட்டாரத்து மக்கள் பிரதிநிதியைச் சுற்றிப் பத்திரிகைக்காரர்கள், படம் எடுப்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் பத்திக் சட்டை போட்ட ஆதரவாளர்கள். தேர்தலில் வென்றவர்களை இங்கே பினாங்கில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஒய்.பி. என்றால் போதும்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன். மறுமுனையில் எங்கள் நூலகர் தனம் அக்கா.

“புவனா, நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. லைட்டும் போச்சு, காத்தாடியும் நின்னுபோச்சு.”

லிஃப்ட் பழுதாகவில்லை. நாங்கள்தான் நிறுத்தினோம், ஒய்.பி. சனிக் கிரகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

சனியைப் பார்க்க எதற்காக லிஃப்டை நிறுத்த வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வானாய்வுக்கூடத்தின் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். எதிர்க்கரைப் பாகான் டாலாமில் தொடங்கிய இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் எதையும் நேராகச் சொன்னதில்லை.

முதலில் வந்தது கும்மட்டம்

மற்ற ஊர்களில் வானத்தை ஆராய வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், பிறகு தொலைநோக்கி வாங்குவார்கள், பிறகு அதற்கு மேல் கும்மட்டம் கட்டுவார்கள். எங்கள் கல்லூரியில் முதலில் வந்தது கும்மட்டம்.

கல்லூரியின் உரிமையாளர் டத்தோ, அரசு கொடுத்த பட்டம் அது. அரிசி மொத்த வியாபாரத்தில் பெரியவரானவர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கிக் கணக்கியலும் வணிகமும் சொல்லித்தரும் கல்லூரி வைத்தார். நான் அங்கே இயற்பியல் விரிவுரையாளர். துறைத் தலைவரும் நான், துறையும் நான்.

அந்தச் சமயத்தில் போட்டிக் கல்லூரி ஒன்று கூரையில் நீச்சல்குளம் கட்டிவிட்டது. மாணவர்கள் அங்கே சாய்ந்தார்கள். எங்கள் கூரையில் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது, அதில் நீந்த முடியாது. டத்தோவுக்கு ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது ஒரு கெண்டூரி விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர், சுராவ் என்னும் சின்னத் தொழுகைக்கூடங்களுக்குக் கும்மட்டம் செய்து கொடுக்கும் குத்தகைக்காரர். ஏதோ ஒரு கிராமத்துச் சுராவ் அளவை மாற்றிவிட்டதால், செய்து முடித்த கும்மட்டம் ஒன்று பட்டறையில் மழையில் நனைந்துகொண்டிருப்பதாக அவர் வருத்தப்பட்டார். பிரியாணி முடிந்து கை கழுவுவதற்குள் அது எங்களுடையதாகிவிட்டது.

மறுநாள் காலை டத்தோ என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, கும்மட்டம் ஒண்ணு இருக்கு. படிப்பு சம்பந்தமா அதுக்குள்ள என்ன வைக்கலாம்?”

ஐந்து வருடமாக அவரிடம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெஞ்சு கேட்டுக் கிடைக்காதவள் நான். கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன், “தொலைநோக்கி வைக்கலாம் டத்தோ.”

“வச்சிருங்க,” என்றார்.

கும்மட்டத்தில் வானம் பார்க்கும் திறப்பு இல்லை. குத்தகைக்காரர் ரம்பம் கொண்டு ஒரு துண்டை வெட்டி எடுத்தார், தர்பூசணியில் கீற்று எடுப்பதுபோல. அடியில் தள்ளுவண்டிச் சக்கரங்கள் பொருத்தினார். எந்தத் திசை வேண்டுமோ அந்தத் திசைக்கு நான்கு பேர் தோள் கொடுத்துத் திருப்ப வேண்டும். வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள்.

அதிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஊரில் ஒரு புது அடையாளம். வாடகைக் காரில் ஏறி கல்லூரிப் பெயரைச் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியாது. “மாடியில சுராவ் இருக்கே” என்றால் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் மதியம், வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் லுஹர் தொழ மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். நான் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஃபெரி ஏறி பாகான் டாலாமுக்குப் போனால் என் சித்தப்பா கேட்பார், “நீ இப்ப பள்ளிவாசல்லயா வேலை செய்யிறே?”

ரொம்பக் கெட்டியான இடம்

தொலைநோக்கி நிற்க ஒரு தூண் வேண்டும். அசையாத தூண். இதை நான் குத்தகைக்காரரிடம் பல தடவை அழுத்திச் சொன்னேன். அவரும் மொட்டை மாடி முழுக்கக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து ஓர் இடத்தில் நின்றார்.

“மிஸ், இந்தக் கட்டடத்துலயே ரொம்பக் கெட்டியான இடம் இதான். கீழ கான்கிரீட் இவ்வளவு தடிமன்.”

அவர் சொன்னது உண்மை. அவ்வளவு தடிமனாகக் கான்கிரீட் போட்டிருந்ததற்குக் காரணம், அதன் கீழே லிஃப்ட் மோட்டார் இருந்தது.

முதல் நாள் நிலாவைப் பார்த்தோம். நிலா தட்டில் வைத்த ஜெல்லிபோல நடுங்கியது. லிஃப்ட் நின்றால் நிலாவும் நிற்கும். யாராவது இரண்டாவது மாடிக்குப் போகப் பொத்தானை அழுத்தினால் மறுபடி நடுங்கும்.

இதை ஆராயக் கல்லூரி ஒரு குழு அமைத்தது. குழுவில் கணக்கியல் துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், கேண்டீன் குத்தகைதாரர், விளம்பரப் பிரிவு மேலாளர் தினேஷ், நான். பிறந்ததிலிருந்தே கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதுபோல் தோன்றும் இளைஞன் தினேஷ். எதையும் நல்ல செய்தியாகச் சொல்லப் பழகியவன்.

பல கூட்டங்கள் நடந்தன. நாசி லெமாக் பொட்டலம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒழுங்காக வந்தது. கடைசியில், தூணுக்கு அடியில் ரப்பர் வைக்கலாம் என்று முடிவானது. ரப்பர் என்றால் துள்ளும் என்று நான் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. வைத்தார்கள். முன்பு லிஃப்ட் நின்றதும் நிலா நின்றது, இப்போது லிஃப்ட் நின்ற பிறகும் நிலா ஆடிக்கொண்டிருந்தது. குழு தன் பணி முடிந்ததாகக் கலைந்தது. ரப்பரை நான் பெயர்த்து எடுத்தேன்.

மிஞ்சிய வழி ஒன்றுதான். வியாழக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் லிஃப்டை நிறுத்துவது.

வியாழக்கிழமைச் சண்டை

இங்கேதான் தனம் அக்கா வருகிறார்.

நூலகம் நான்காவது மாடியில். அக்காவுக்கு மூட்டு வலி. அதைவிட, எங்கள் மாலை வகுப்பு மாணவர்கள் பாதிப் பேர் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்கள். அறிவிப்பு ஒட்டிய அன்றே அக்கா என் அறைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீ மேல ஒரு புள்ளிய பாக்குறதுக்குக் கீழ அத்தன பேரும் மூச்சு வாங்கணுமா?”

“அது புள்ளி இல்லக்கா, சனி. வளையத்தோட தெரியும். ஒருவாட்டி வந்து பாருங்களேன்.”

“எனக்கு ஏழரை நடக்குது. கோயில்லயே நான் அவரு நேருக்கு நேரா நிக்கிறதில்ல. நீ கண்ணாடி போட்டுப் பெருசாக்கி வேற காட்டுறியா?”

அவர் மட்டுமல்ல. சனி தெரியும் மாதங்களில் எங்கள் பிள்ளைகள் பலர் தொலைநோக்கியில் ஓரக் கண்ணால்தான் பார்த்தார்கள். ஒரு பெண் எள் விளக்கு ஏற்ற இடம் கேட்டாள். வியாழன் தெரியும் மாதங்களில் இந்தச் சிக்கல் இல்லை, குரு பார்வை நல்லது என்று நெரிசல் ஆகிவிடும்.

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் என் நிலைமையும் அப்படி. இயற்பியல் படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வானியல் சான்றிதழ் படிப்பு ஒன்றுக்கு அனுமதி வாங்கினால் துறை பிழைக்கும், இல்லாவிட்டால் என் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடியும் என்று டத்தோ சொல்லியிருந்தார். அனுமதி வர வேண்டுமானால் கூடம் வேலை செய்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அந்த நாலு பேருக்குத் தெரிவிக்கத்தான் ஒய்.பி.

ஒரு சிக்கல். லிஃப்ட் ஓடினால் சனி ஆடும். லிஃப்ட் நின்றால் ஒய்.பி. ஐந்து மாடி ஏறமாட்டார். அவரை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டு, உடனே நிறுத்திவிடுவது என்று திட்டம். பொறுப்பு தினேஷுக்கு. அவன் பொறுப்பாகச் செய்தான். லிஃப்டுக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒய்.பி. கண்ட காட்சி

“அக்கா, பயப்படாதீங்க. இதோ போடச் சொல்றேன்,” என்றேன்.

“பயம் இல்லடி. மூச்சு முட்டுது.”

தனம் அக்கா என்னை டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

டத்தோவின் காதருகே போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பை மாற்றாமல், “அஞ்சு நிமிஷம்மா. ஒய்.பி. பாத்து முடிச்சிரட்டும். பிரஸ் இருக்கு,” என்றார்.

“உள்ள இருட்டா இருக்காம் டத்தோ.”

“அஞ்சே நிமிஷம்.”

ஒய்.பி.க்கு இடது கண்ணா வலது கண்ணா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மாலைக்காக நான் மாதக்கணக்கில் உழைத்திருந்தேன், மழை நிற்க வேண்டும் என்று அன்று மதியம் விநாயகருக்கு ஒரு தேங்காய்கூட நேர்ந்திருந்தேன். எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அக்காவின் அந்த ‘டி’ காதிலேயே இருந்தது. இரும்பு ஏணியில் இறங்கி மோட்டார் அறைக்குப் போய் விசையைப் போட்டேன்.

மோட்டார் ஒரு முக்கல் முக்கி ஓடத் தொடங்கியது. சரியாக என் தலைக்கு மேலே தூண். தூணுக்கு மேலே சனி. சனிக்கு இந்தப் பக்கம் ஒய்.பி.

மேலிருந்து, “ஓ,” என்று ஒரு சத்தம் கேட்டது.

போயிற்று என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். ஒய்.பி. நிமிர்ந்து நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“பெர்புத்தார்,” என்றார் மலாயில். சுழல்கிறது என்று அர்த்தம். “என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சனி சுழல்கிறது.”

கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். தினேஷ் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். சனி ஒரு சுற்றுச் சுற்றப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை யாரும் கண்ணால் பார்த்துவிட முடியாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். டத்தோ என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

அப்போது லிஃப்ட் கதவு திறந்து தனம் அக்கா வந்தார். புடவை நனைந்து ஒட்டியிருந்தது, நெற்றிப் பொட்டு வழிந்திருந்தது. என்னைத் திட்டத்தான் மேலே வந்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒய்.பி. நின்றார். அழைக்கப்பட்ட விருந்தாளி என்று நினைத்து, விலகி, கையை நீட்டித் தொலைநோக்கியைக் காட்டினார். இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் அக்கா குனிந்தார்.

லிஃப்ட் சும்மா நின்றது. சனியும் அசையாமல் நின்றது.

அக்கா எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தவர் என்னிடம் வந்து, “இதுவா?” என்றார். பிறகு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். லிஃப்டில் ஏற மனமில்லை போலிருக்கிறது.

படம் ஒட்டியிருக்கிறார்கள்

மறுநாள் செய்தி வந்தது. அடுத்த வாரம் வாசலில் மூன்று மொழிகளில் பலகை வந்தது. ‘சனி சுழல்வதை நேரில் காணுங்கள்.’ கூட்டமும் வந்தது.

நான் பிடிவாதமாக லிஃப்டை நிறுத்தினேன். ஒவ்வொருவருக்கும் விளக்கினேன், அன்று ஆடியது லிஃப்டால் என்று. பார்த்தவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். சுங்கை பினாங்கிலிருந்து குடும்பத்தோடு வந்த ஓர் அம்மா வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்.

“மிஸ், உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா? ஒய்.பி. வந்த அன்னைக்கு எங்க நாத்தனார் பாத்தப்ப ஆடுச்சாம். எங்களுக்கு மட்டும் படத்த காட்டுறீங்க.”

சொல்லப்போனால் அவர் மேல் குற்றம் இல்லை. அசையாத சனி அவ்வளவு திருத்தமாக இருக்கும். சின்னதாக, வெள்ளையாக, வளையத்தோடு, பாடப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல. ஆடினால்தான் நம்பும்படி இருந்தது.

தினேஷ் இதைப் பிடித்துக்கொண்டான். “ஆடினா ரியல்லா இருக்கு மிஸ். நிப்பாட்டினா ஃபேக் மாதிரி இருக்கு லா. கஸ்டமர் சொல்றத நாம கேக்கணும்.”

டத்தோவிடம் போனேன்.

“பொய் டத்தோ அது.”

“நாம பொய் சொல்லலையேம்மா. லிஃப்ட் ஓடுது, அது நம்ம கட்டடத்து லிஃப்ட். அவங்க பாக்குறாங்க. சந்தோஷமா போறாங்க. நீங்க ஏன் கெடுக்கிறீங்க?” பிறகு குரலைத் தணித்து, “உங்க காண்ட்ராக்ட் விஷயம் வேற மேசையில கிடக்கு,” என்றார்.

அடுத்த வியாழன் கூடத்தின் பொறுப்பு தினேஷிடம் போனது. லிஃப்ட் விடாமல் ஓடியது, உள்ளே ஆள் இல்லாமலே. நான் ஓரமாக நின்றேன். பார்த்தவர்கள் எல்லாம் “ஆமா ஆமா, சுத்துது” என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் புதிதாக வேலை தேடத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தனம் அக்கா, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் குனிந்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

“என்னா இது, ஆடுது?”

“சுத்துதுக்கா,” என்றான் தினேஷ்.

“அன்னைக்கு நான் பாத்தப்ப இது ஆடல தம்பி. ஆடினது நான்தான். கை காலெல்லாம் வெடவெடன்னு இருந்துச்சு. அது பாட்டுக்கு ஒரு இடத்துல நின்னுச்சு. அதப் பாத்துதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அத ஏன் இப்பிடிப் போட்டு உலுக்குறீங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஏணியில் பக்கவாட்டாக இறங்கி, விசையை அணைத்து, மோட்டார் அறை வாசலில் இருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். தினேஷ் கெஞ்சிப் பார்த்தான். மூட்டு வலிக்கிறது, எழுந்திருக்க முடியாது என்றார்.

கையில் பிடிபடாத சனி

கூட்டம் முணுமுணுத்தது. மறுபடி ஸ்டிக்கர் பேச்சு. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. தினமும் வகுப்பில் சொல்லும் விஷயம்.

தொலைநோக்கிக்கு அடியில் சின்னதாக ஒரு மோட்டார் உண்டு. பூமி சுழல்வதால் வானத்தில் எல்லாம் மேற்கே நகரும், அந்த மோட்டார் கூடவே திருப்பிக்கொண்டு போய்ச் சனியைக் கண்ணில் நிறுத்தும். நான் அதை அணைத்தேன். அந்தச் சுங்கை பினாங்கு அம்மா அன்றும் வந்திருந்தார், இந்தத் தடவை நாத்தனாரோடு. அவரை முதலில் அழைத்தேன்.

“ஸ்டிக்கர்தான்னு வச்சுக்குங்க. ஆனா கண்ண எடுக்காம பாருங்க.”

பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, “ஏ, நகருது,” என்றார். “ஓரத்துக்குப் போகுது. மிஸ், போகுது. போயிருச்சு.”

“அது போகலம்மா. அது அங்கயேதான் இருக்கு. நாமதான் போறோம். பூமி சுத்துதில்ல, நீங்க, நான், இந்தக் கட்டடம், பினாங்கு எல்லாம் சேர்ந்து சுத்துறோம். நீங்க பாத்தது அதத்தான்.”

அந்த அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையால் நாத்தனாரின் தோளைப் பிடித்தார்.

“பாத்து நில்லு,” என்றார் அவரிடம்.

அதன்பிறகு யாரும் ஸ்டிக்கர் என்று சொல்லவில்லை. சனி வரும், கண்ணை நிறைக்கும், சறுக்கிக்கொண்டே போய் ஓரத்தில் மறையும். நான் மறுபடி குறி வைத்து அடுத்தவரைக் கூப்பிடுவேன். தினேஷ்கூட வரிசையில் நின்று பார்த்தான். இரண்டு தடவை.

சான்றிதழ் படிப்புக்கு அனுமதி கிடைத்தது. இன்றுவரை ஒருவரும் சேரவில்லை, ஆனால் அது பிரோஷரில் அழகாக இருக்கிறது. என் ஒப்பந்தத்தை வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் லிஃப்ட் நிற்கிறது. மாலை வகுப்புக்காரர்களுக்காக அந்த ஒரு நாள் நூலகத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார் தனம் அக்கா. இதை அந்தக் குழு ஏன் யோசிக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அதில் இருந்தேன்.

பலகை மட்டும் பாக்கி. ‘சனி சுழல்வதை நேரில் காணுங்கள்’ என்பதை மாற்றி ‘பூமி சுழல்வதை நேரில் காணுங்கள்’ என்று எழுத வேண்டும் என்று டத்தோவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நன்றாக யோசித்தார்.

“ஏம்மா, பூமி சுத்துறதப் பாக்க எவன் அஞ்சு மாடி ஏறுவான்? அது கீழ நின்னாலும் சுத்துதே.”

அதில் இயற்பியல் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பலகை அப்படியே இருக்கிறது.